மூடுபனிக்கு நடுவே தன் பெயரை எழுதியவர்

தினமும் காலை எட்டு மணிக்குள் வந்துவிடும் படம் அன்று வரவில்லை. “நெட்டு இல்லையாட்ட இருக்குதுங்க” என்று திருப்பூரிலிருந்து முருகேசு, எங்கள் பழைய தொழிற்சாலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கரண்டு போயிருக்கும் என்றார் இன்னொருவர். குன்னூரில் என் வீட்டு அடுப்படியில் இட்லி வெந்துகொண்டிருக்க, நானும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிவாக்கில் லாசரஸ் சாரின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. சிமெண்டுத் தரை, இரண்டு ரப்பர் செருப்புகள், கட்டிலின் ஒரு கால். கோணலாக இருந்தாலும் பளிச்சென்று இருந்தது. அந்த எண்ணிலிருந்து அத்தனை தெளிவாக ஒரு படம் வந்ததே இல்லை.

படம் வந்தால் அதன்மேல் ஆளுக்கொன்று வரைவது எங்கள் குழுவின் வழக்கம். வரைந்தார்கள். கோவையில் இருக்கும் செல்வி செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பூனையைப் படுக்க வைத்தாள். கொச்சியில் ஓட்டல் வேலை பார்க்கும் ராஜன் கட்டில் காலுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டார். முருகேசு செருப்புக்குள் இரண்டு பாதங்களை வரைந்து, நகங்கள்கூடப் போட்டார். நான் என்ன வரையலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. லாசரஸ் சாரின் மனைவி ரெஜினா அக்கா.

“மல்லிகா, உங்களுக்குத்தான் போன் போடலாம்னு அமுக்குனேன். அது டிக்குன்னு என்னமோ சத்தம் போட்டுச்சு. பொறவு பக்கத்து ஊட்டுப் புள்ளதான் சிக்னலுக்காக மேல ரோட்டுக்குக் கூட்டியாந்து உங்க நம்பரைத் தேடிக் குடுத்துச்சுங்க. அவரு வெள்ளன தூக்கத்துலயே போயிட்டாருங்க.”

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். பாதங்களை அழிக்க முருகேசு பட்டபாடு சொல்லி முடியாது. அழித்தால் அவருடைய போனில் மட்டும் அழிந்தது, மற்ற எல்லோரிடமும் நகத்தோடு அப்படியே நின்றது. அடக்கத்தன்று நடுவட்டம் போனவர்கள் எல்லோரும் ரெஜினா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இருந்துட்டுப் போவட்டுங்க. பூனை நல்லாருக்குது” என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் லாசரஸ் சாரிடம் திட்டு வாங்கியவர்கள். உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மீதிப்பேருக்காகச் சொல்கிறேன். நடுவட்டத்தில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் வெளியூர்க்காரர்கள் டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள், அவருக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். பச்சை இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையில் ஏறுவது வரை அவர் பொறுப்பு. வரிசையாகக் கோப்பைகளை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, துப்பி, தீர்ப்புச் சொல்வார். “இது டீ இல்லீங்க, துணி அலசுன தண்ணி” என்பது அவருடைய மிதமான தீர்ப்பு. சிறு வயதில் அப்பா அம்மாவோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கேயும் இங்கேயுமாகத் தன் குடும்பத்தில் டீ மேக்கர் என்று ஆனது தான் ஒருவன்தான் என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். நான் தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவார்.

ஓய்வு பெற்றதும் மகள் ஜெனிபர் ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தாள். அதோடு எங்களுக்கெல்லாம் சனி பிடித்தது.

அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டு வளைவில் ஒரு மதகு இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால்தான் போன் உயிர் பெறும். அதனால் அங்கே நின்றுதான் படம் எடுப்பார், அங்கே நின்றுதான் அனுப்புவார். அங்கிருந்து பார்த்தால் எதிரே தெரிவது தொழிற்சாலை ஒன்றுதான். தெரிவது என்று நான் சொல்வது கோடைக்காலத்துக் கதை. மழை மாதங்களில் எங்கள் ஊரில் எதிரே வருகிறவரை அவருடைய இருமலை வைத்துத்தான் அடையாளம் காண்போம்.

முதல் படம் வந்த நாள் நினைவிருக்கிறது. “இன்றைய காலைக் காட்சி: நமது தொழிற்சாலை” என்று எழுதி, கீழே ஒரு படம். முழுக்க வெள்ளை. “படம் லோடு ஆகலைங்க சார்” என்றார் முருகேசு. பலபேர் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். லாசரஸ் சாரிடமிருந்து குரல் செய்தி வந்தது. “லோடெல்லாம் ஆயிருச்சுங்க. நல்லா உத்துப் பாருங்க. ஃபேக்டரி அங்கதான் இருக்குது.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த கட்டடம் என்பதால் அவர் கண்ணுக்கு அந்தப் பனிக்குள்ளும் கூரை, புகைபோக்கி, ஜன்னல் எல்லாம் தெரிந்திருக்கிறது. காமிராவுக்கு அந்த அனுபவம் இல்லை. மறுநாளும் வெள்ளை. அதற்கு மறுநாளும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் “புகைப்படம்: லாசரஸ், டீ மேக்கர் (ஓய்வு)” என்று ஓரத்தில் எழுதியிருக்கும். படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரெஜினா அக்காவுக்கு இதில் துளியும் ஈடுபாடில்லை. “வெள்ளப் பேப்பரைப் படமெடுக்க மதகு மேல ஏறோணுமுங்களா? ஊட்டுக்குள்ளயே செவுரு இருக்குதே” என்பார். இவர் மதகிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குப் போய் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டுவார். “அங்க வைங்க, கை ஈரமா இருக்குது” என்று பதில் வரும். அந்த வீட்டுக்கு நான் போன போதெல்லாம், படம் காட்டும் நேரத்தில் அக்காவின் கை ஈரமாகத்தான் இருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாலும் ஈரம்தான்.

ஒருமுறை கூடலூர் பஸ்ஸில் லாசரஸ் சார் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். திடீரென்று சொன்னார்: “தங்கச்சி, ஊரே பாக்குது. இவ ஒரு நா பாத்து, ‘படம் நல்லாருக்கு’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் பொறவு போனைத் தொடவே மாட்டேன்.” நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இனி அந்தப் போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடங்கி வைத்தவர் முருகேசு. எங்கள் தொழிற்சாலையில் இலை உருட்டும் அறையில் இருந்தவர், இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், காலையில் வந்த வெள்ளைப் படத்தைத் திறந்து, போனிலேயே இருக்கும் பேனாவைத் தட்டி, விரலால் ஒரு புகைபோக்கி வரைந்து குழுவில் போட்டார். சற்று நேரத்தில் ராஜன் அதற்குப் புகை வரைந்தார். செல்வி பக்கத்தில் ஒரு கொடி கட்டித் துணி காயப்போட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசை ஒன்று, குழாயடியில் நாலு குடம், குடத்துக்கு ஒரு சண்டை, எல்லாம் சேர்ந்துவிட்டன.

லாசரஸ் சாரின் குரல் செய்தி இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது. “ஏனுங்க முருகேசு, நான் எடுத்த படத்துல யாரைக் கேட்டு கிறுக்குனீங்க? கோயில் செவுத்துல கரியில பேரு எழுதறவனுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?”

முருகேசு பணிவாகப் பதில் அனுப்பினார். “வெள்ளையா இருந்துச்சுங்க சார். அதானுங்க.”

கிறுக்குகிறவர்களைத் தடுக்க லாசரஸ் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓரத்தில் இருந்த தன் பெயரைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, கொட்டை எழுத்தில் போட்டார். அது அவர் செய்த பெரிய தவறு. அதுவரை வெறும் வெள்ளையில் எங்கே ஆரம்பிப்பது என்று தயங்கியவர்களுக்கு இப்போது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. அவர் பெயரின் மேல் காக்கை உட்கார்ந்தது. பெயரிலிருந்து ஊஞ்சல் தொங்கியது. ‘ஓய்வு’ என்ற சொல்லின்மேல் ஒருவர் தலையணை வைத்துப் படுத்திருந்தார். நான் ஆபீசில் உட்கார்ந்து அவரிடம் வாங்கிய திட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு கோழியைப் போட்டு அடைத்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

வரைந்தவர்களில் எவருக்கும் ஓவியம் என்ற சொல்லோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. தாளும் வண்ணமும் கொடுத்து உட்கார்ந்து வரை என்றால் எழுந்து ஓடியிருப்பார்கள். கையில் இருந்த போனில், தினமும் ஒரு வெள்ளைப் படம் தானாக வந்து நின்றது, விரலால் இழுத்தால் கோடு விழுந்தது, பிடிக்காவிட்டால் துடைக்க முடிந்தது. அதைவிட முக்கியம், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. முருகேசு திருப்பூரில் ஒரு பஸ்ஸை நிறுத்தினால், கொச்சியில் ராஜன் அதில் ஆட்களை ஏற்றினார், கோவையில் செல்வி கண்டக்டரை ஏற்றிச் சில்லறைச் சண்டையைத் தொடங்கி வைத்தாள். வேலை தேடி ஊரைவிட்டுப் போன எல்லோரும் ஒரே தாளில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, அவர்கள் வேறு யாருக்கோ அனுப்ப, எங்களுக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் படங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் எங்கள் பனிக்குள் ஒரு ஒட்டகம் நின்றது.

லாசரஸ் சார் இதை ரசிக்கவில்லை. மழை விட்ட ஒருநாள் காலை, வானம் கழுவி விட்டாற்போல் இருக்க, அவருக்கு நல்ல நேரம் வந்தது. தொழிற்சாலை முழுசாகத் தெரிந்தது. கூரைத் தகரத்தின் ஆணிகூடத் தெரிந்தது. “இதுதான் படம்” என்று எழுதிப் போட்டார். குழுவில் யாரும் பேசவில்லை. மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏன் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க?” என்று கேட்டார்.

“நல்லாருக்குதுங்க சார். ஆனா இதுல எங்கீங்க வரையறது?” என்றாள் செல்வி.

அவர் மனம் விட்டுப்போனது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடப் போவதாக அறிவித்தார். குழுவைத் தொடங்கியவர் அவர், கலைக்கும் அதிகாரமும் அவரிடம்தான் இருந்தது. நாங்கள் கெஞ்சினோம். முருகேசு இனி கோடு போடும் முன் அனுமதி கேட்பதாகச் சத்தியம் செய்தார். அவர் மசியவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் வெள்ளைப் படம் வந்தது. கடைசிப் படம் என்று எழுதியிருந்தார். செல்வி அதில் அவரையே வரைந்துவிட்டாள். தொழிற்சாலை வாசலில் ஸ்வெட்டர் போட்டு, கையில் கரண்டியோடு, முன்னால் வரிசையாகக் கோப்பைகள். அசப்பில் அவரேதான். மூக்கின் கீழே மட்டும் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு மீசை.

பிறகு அந்தப் படம் அவர் எண்ணிலிருந்து திரும்பி வந்தது. மீசை சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டு, அதன்மேல் மேல்நோக்கி முறுக்கிய இன்னொரு மீசை வரையப்பட்டிருந்தது. “என் மீசை என்னிக்கு இப்படித் தொங்குச்சு? நீங்கெல்லாம் ஒரு நாளாவது நிமுந்து என் மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்” என்று குரல் செய்தி. அவர் திட்டி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, அவரும் கிறுக்கிவிட்டார்.

ஞாயிறு வந்தது, பூசை முடிந்தது, குழு அப்படியே இருந்தது. அவர் அதைப்பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றுமுதல் அவருக்குப் புதிய உத்தியோகம் கிடைத்துவிட்டது. காலையில் வெள்ளைப் படம் அனுப்புவார். சாயங்காலம் நாங்கள் வரைந்ததையெல்லாம் சிவப்புக் கோட்டில் திருத்துவார். குழாய் இடது பக்கம். புகை இந்தக் காற்றுக்கு அந்தப் பக்கம் போகாது. கோழிக்கு எத்தனை விரல் என்று மல்லிகா ஒரு கோழியைப் பிடித்துப் பார்க்கவும். ஒட்டகத்தையும் விடவில்லை, நடுவட்டத்துக் குளிருக்கு அதற்கு ஒரு கம்பளி போர்த்திவிட்டார். எல்லாப் படங்களிலும் அவர் பெயர் நடுவில் இருந்தது.

எங்கள் படங்கள் சுற்றிச் சுற்றி யார் கண்ணிலோ பட்டு, ஊட்டியில் ஒரு கண்காட்சியில் வைக்கக் கேட்டார்கள். “ஒரிஜினலா, கிறுக்குனதா?” என்பது அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டும் என்றார்கள். தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் போட முடியவில்லை, ஆனாலும் வந்தார். வெள்ளைப் படங்களைக் கண்ணாடி போட்டு ஒரு சுவர் நிறைய மாட்டியிருந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வெறுமை ரொம்பப் பேசுது சார்.”

“வெறுமை இல்லீங்க. ஃபேக்டரி.”

“இந்த மூலையில பாருங்க, எவ்வளவு ஆழமான மௌனம்.”

“அந்த மூலையில கக்கூஸுங்க.”

ரெஜினா அக்காவும் வந்திருந்தார். அன்று அவர் கை ஈரமில்லை. செல்வியின் படத்தைப் பார்த்துச் சிரித்தார், ராஜனின் பஸ்ஸைப் பார்த்து இந்த டிரைவரை எனக்குத் தெரியும் என்றார், என் கோழியைக்கூட ஒருமாதிரி பாராட்டினார். பிறகு வெள்ளைச் சுவருக்கு வந்தார். லாசரஸ் சார் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கா முந்தானையால் ஒரு படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “நல்ல கண்ணாடிங்க. கல்லு பட்டாலும் ஒடையாது போல” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் லாசரஸ் சார் டிரைவருக்குப் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நான் மறுபடி நடுவட்டம் போனேன். வீட்டில் ரெஜினா அக்காவும் ஜெனிபரும் மட்டும் இருந்தார்கள். டீ கொடுத்தார்கள். அவர் இருந்திருந்தால் துப்பியிருப்பார் என்று தோன்றியது, மூன்று பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அவரு கடைசியா எடுத்ததக் காட்டுங்க மல்லிகா.”

இறப்பதற்கு முதல் நாள் காலை வந்த படம். எடுத்துக் கொடுத்தேன். முழுக்க வெள்ளை, நடுவில் பெயர். அக்கா அதைப் பார்த்தார். நான் டீயைக் குடித்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல அவரு எங்க நிக்கிறாரு?”

“அவர் இதுல இல்லீங்கக்கா. எடுத்தவரே அவர்தானே.”

“அது தெரியாதா எனக்கு? எங்க நின்னு எடுத்தாருன்னு கேக்குறேன்.”

படத்தின் கீழ் விளிம்பைக் காட்டினேன். இதற்கும் கீழே, படத்துக்கு வெளியே, மதகின்மேல் என்றேன். பேனா எங்கே என்று கேட்டார். திரையில் தட்டி எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஆள்காட்டி விரலால் அந்த விளிம்பை ஒட்டி ஒரு நீளமான, கோணலான பட்டையை வரைந்தார். இரண்டு நுனியிலும் குட்டிக் குட்டிக் கோடுகள். எனக்கு அது ரோடு மாதிரி இருந்தது. ஜெனிபர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாம்பாம்மா?” என்றாள்.

“மப்ளருடி. அன்னிக்குப் போடாமப் போயிட்டாரு. வாசல்ல நின்னு கூப்புட்டேன். பனி எறங்கீருச்சு, படம் போயிரும்னு ஓடுனாரு.”

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

“படம் நல்லாத்தான் எடுத்திருக்காருங்க. கொஞ்சம் வெள்ளையா இருக்குது, அவ்வளவுதான்.”

குழுவில் போடச் சொன்னார், மதகுவரை ஏறிப் போய்ப் போட்டேன். முருகேசு பார்த்தார், ராஜன் பார்த்தார், செல்வி பார்த்தாள். அது மப்ளர் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, ஒருவரும் அதன்மேல் கோடு போடவில்லை. லாசரஸ் சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் படத்தைத்தான். அக்கா சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். என் காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தை இல்லை அது.